ஊர் மைதானத்தில் ஒரு வான்நோக்கு இரவு: முதல் முறை நடத்துபவர்களுக்கு

2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு நேர் மேலே கடந்து போனது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. நானும் என் மகளும் மட்டும் மொட்டைமாடியில் கிரகணக் கண்ணாடியோடு நின்றோம். பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வருத்தத்தில்தான், சில வருடம் கழித்து, ஊர்ப் பொதுமக்களுக்கு தொலைநோக்கியும் ஒரு சின்ன அறிவியல் பேச்சும் சேர்ந்த இரவு நிகழ்ச்சி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்தினேன். முதல் முறை பாதிதான் நடந்தது. இதுவரை நான்கு முறை நடத்திவிட்டோம். எங்களுக்கு நேர்ந்த தடங்கல்கள் உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காக, எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

நீங்கள் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஐந்தாறு பேர், கொஞ்சம் பணம், இரண்டு மாத அவகாசம் இருந்தால் போதும்.

1. தேதியை நிலாவிடம் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் பௌர்ணமியன்று வைக்கலாம் என்பார்கள். வேண்டாம். பௌர்ணமி நிலாவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. தொலைநோக்கியில் வெள்ளைத் தட்டு மாதிரி கண்ணைக் கூசும். வளர்பிறை சஷ்டியிலிருந்து நவமிக்குள் பாதி நிலா இருக்கும்போது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் பள்ளம், மலை எல்லாம் துலக்கமாகத் தெரியும். முதன்முதலாகப் பார்க்கிறவர் "ஐயோ!" என்று சத்தம் போடுவது அந்த ஓரத்தைப் பார்த்துத்தான். இன்னொரு வசதி, பாதி நிலா சூரியன் மறையும்போதே உச்சி வானத்தில் இருக்கும். குழந்தைகள் தூங்கப் போவதற்குள் காட்டிவிடலாம்.

அதோடு கோள்களும் அமைய வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2027 பிப்ரவரி 13, சனிக்கிழமை. அமாவாசை முடிந்து ஏழாவது நாள். வியாழன் அந்த வாரத்தில் சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் பொழுது சாயும்போதே கிழக்கே எழும். சனி மேற்கே இறங்கிக்கொண்டிருந்தாலும் ஒன்பது மணிக்குக் கொஞ்சம் மேல்வரை இருக்கும். ஆக நிலா, சனி, வியாழன் மூன்றும் ஒரே மாலையில் கிடைக்கின்றன. இப்படியொரு நாளை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்து, மாலை ஏழு மணி என்று வைத்து, நாள் நாளாக நகர்த்திப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். இங்கேதான் நாங்கள் முதல் முறை மாட்டிக்கொண்டோம். நமக்கு வேண்டிய வளர்பிறை நாட்கள்தான் கல்யாண முகூர்த்த நாட்களும். அன்றைக்கு மைக் செட் கிடைக்காது, நாற்காலி கிடைக்காது, பக்கத்து மண்டபத்தில் பாட்டு வேறு ஓடும். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றரை மாதம் முன்பே மைக் செட்காரரிடம் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. அந்தப் பக்கமே போகாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கத்து வானம் நன்றாக இருக்கும். எந்த மாதமானாலும் மாற்றுத் தேதி ஒன்று வையுங்கள், மறுநாளே போதும். எல்லா மனுவிலும் இரண்டு தேதியையும் எழுதுங்கள். மேகம் வந்துவிட்டால் மறுபடி அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்காது.

2. இடம்: இருட்டைவிடக் கழிப்பறை முக்கியம்

நிலாவும் கோள்களும் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே நன்றாகத் தெரியும். ஆகவே ஊருக்கு வெளியே இருட்டான இடம் தேடிப் போகாதீர்கள். அங்கே பெண்களும் வயதானவர்களும் வரமாட்டார்கள். ஊருக்கு நடுவே, நடந்து வரக்கூடிய தூரத்தில், கிழக்கும் மேற்கும் மரம் மறைக்காத திறந்த இடம் போதும். பள்ளி மைதானம்தான் சிறந்தது.

எந்தப் பள்ளி என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. தலைமை ஆசிரியருக்கு மனமிருந்தாலும் தயங்குவார். நடுநிலைப் பள்ளியைக் கேளுங்கள். அங்கே ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானவில் மன்றம் என்ற அரசின் அறிவியல் செய்முறைத் திட்டம் நடப்பதால் அறிவியல் நிகழ்ச்சி என்றால் ஆசிரியர்களுக்கும் புதிதாக இருக்காது. பள்ளி கிடைக்காவிட்டால் கிளை நூலக வளாகம். நூலகத்துக்கு வாசகர் வட்டம் இருந்தால் அவர்களையே நிகழ்ச்சியின் கூட்டாளியாக்கிக்கொள்ளலாம்.

இடத்தைப் பகலில் ஒரு முறையும், நீங்கள் நடத்தப்போகும் அதே நேரத்தில் இரவில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். முள், கண்ணாடித் துண்டு, புதர் எல்லாம் முந்தின நாளே அகற்றப்பட வேண்டும். பாம்பு நடமாட்டம் உண்டா என்று வாட்ச்மேனிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கழிப்பறைச் சாவி! எங்கள் இரண்டாவது நிகழ்ச்சியில் சாவி வைத்திருந்தவர் வெளியூர் போய்விட்டார். ஏழு மணிக்கு வந்த பெண்கள் எட்டு மணிக்கெல்லாம் கிளம்பினார்கள். ஏன் கிளம்புகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. என் மனைவிதான் சொன்னாள். அவர்கள் யாரும் வியாழனைப் பார்க்கவில்லை. சாவியை அன்று மதியமே வாங்கி, தண்ணீர் வருகிறதா, பல்பு எரிகிறதா என்று பார்த்து, ஒரு பெண் தன்னார்வலர் கையில் கொடுத்துவிடுங்கள்.

3. மனுக்கள்: நான்கு நகல், மூன்று முத்திரை

ஆறு வாரம் முன்னால் தொடங்குங்கள். யார் யாருக்கு என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்களுக்குத் தேவைப்பட்டவை இவை:

- பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு. அரசுப் பள்ளி என்றால் அவர் மேலதிகாரியின் ஒப்புதல் கேட்பார். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கோ மனு அவர் வழியாகத்தான் போக வேண்டும். இதற்கு மட்டும் எங்களுக்கு 18 நாள் ஆனது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலும் அவர் ஒரு பெற்றோர், நிகழ்ச்சியை அவரே விரும்புவார்.
- காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு மனு. ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து.
- பேரூராட்சி செயல் அலுவலருக்கு அல்லது ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனு. மைதானத்தை ஒட்டிய இரண்டு தெருவிளக்கை மட்டும் மாலை 6.30 முதல் 9.30 வரை அணைத்துத் தரச் சொல்லி.
- நான்காவது நகல் உங்களுக்கு. ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்த நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. நோக்கம், இரண்டு தேதிகள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பேச்சாளர் பெயர், பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண், அடையாள அட்டை நகல். கட்டணம் இல்லை, அரசியல் இல்லை, மதப் பிரச்சாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். "பெட்டி ஒலிபெருக்கி இரண்டு" என்று எண்ணிக்கையோடு குறிப்பிடுங்கள். கூம்பு ஒலிபெருக்கி கேட்டால் அங்கேயே நின்றுவிடும். ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே "9.45க்கு மைக் நிறுத்தப்படும்" என்று நீங்களே எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

முதல் முறை நாங்கள் இரண்டு நாள் முன்னால் மனுவைக் கொடுத்துவிட்டு, "சரி, பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி வந்துவிட்டோம். அன்று இரவு எட்டு மணிக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டு வந்தார்கள். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. மைக் நின்றது. 150 பேருக்கு நடுவில் பேச்சாளர் தொண்டை கிழியப் பேசினார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். கடிதம் கேட்டவர்கள் மேல் தப்பு இல்லை. வாய்வார்த்தைக்கு முத்திரை கிடையாது.

உங்கள் குழுவுக்குப் பதிவோ லெட்டர்பேடோ இல்லையென்றால் மனுவைத் தனிநபராகக் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், நூலக வாசகர் வட்டம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளை, இவற்றில் ஒன்றின் பெயரில் கொடுங்கள். நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தால் உங்களுக்குத் தன்னார்வலர் பிரச்சினையும் தீர்ந்தது.

பேனர் வைக்க நினைக்காதீர்கள். அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம், தனி அலைச்சல்.

4. தொலைநோக்கி: வாங்காதீர்கள், கேளுங்கள்

முதல் நிகழ்ச்சிக்குப் புதிதாக வாங்குவது வீண். அறிவியல் இயக்கக் கிளைகளிலும், கல்லூரி இயற்பியல் துறைகளிலும், சில பள்ளிகளில் பெட்டி பிரிக்காமலும் தொலைநோக்கிகள் இருக்கின்றன. கடனாக வாங்கும்போது, அதை இயக்கத் தெரிந்தவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அவருக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

ஆறு அங்குல அல்லது எட்டு அங்குல டாப்சோனியன் வகை கூட்டத்துக்கு மிகவும் ஏற்றது. கனமான அடிப்பெட்டி, முக்காலி இல்லை, குழந்தை இடித்தாலும் சாயாது. எட்டு அங்குலக் கருவி பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்டது. 25 மில்லிமீட்டர் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) போட்டால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும், 10 மில்லிமீட்டர் போட்டால் 120 மடங்கு. நிலாவுக்கு 48 போதும். சனியின் வளையத்துக்கு 120 வேண்டும். ஆனால் 120 மடங்கில் பூமி சுழலும் வேகத்துக்குக் கோள் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் பார்வையைவிட்டு ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்திலேயே ஒருவர் நின்று, இரண்டு பேருக்கு ஒரு முறை திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

எத்தனை கருவி? இந்தக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள். ஒருவருக்கு 30 விநாடி. 200 பேர் வந்தால் ஒரே கருவியில் ஒரு பொருளைக் காட்ட 100 நிமிடம். அதற்குள் சனி தாழ்ந்துவிடும். இரண்டு கருவி இருந்தால் 50 நிமிடம். ஆகவே 200 பேருக்குக் குறைந்தது இரண்டு.

மினி ஆட்டோவில் ஏற்றிவந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நிச்சயம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அப்படி நகர்ந்தால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் வால் முளைத்த மாதிரி தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து மணிக்குள், கண்ணாடியை நேர்செய்துவிடுங்கள். அப்புறம் கருவியை வெளியிலேயே வையுங்கள். அறைச் சூடு தணிந்தால்தான் படம் நடுங்காது.

கருவிக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கு உறுதியான மர ஸ்டூல் ஒன்று. பெரியவர்கள் குனியும்போது பிடித்துக்கொள்ள நாற்காலி ஒன்று. இது இல்லாவிட்டால் எல்லோரும் குழாயைப் பிடிப்பார்கள், கோள் ஓடிவிடும்.

வானத்தைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் வேண்டாம். கூட்டத்தில் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் போதும், அந்தப் பழியை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

5. பேச்சாளர்: 25 நிமிடம், தமிழில், கையில் எலுமிச்சம்பழத்தோடு

பேச்சாளரைத் தேடும்போது பட்டத்தைப் பார்க்காதீர்கள். போனில் பத்து நிமிடம் பேசுங்கள். "ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நிலா ஏன் தேய்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் பொதுமக்களிடம் தமிழில் பேச விருப்பமுள்ள ஆய்வாளர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் காவலூர் வானாய்வகத்தையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் எழுதலாம். ஆனால் பக்கத்து ஊர் இயற்பியல் ஆசிரியர்தான் பல சமயம் எல்லோரையும்விட நன்றாகப் பேசுவார். அடுத்த வாரம் கடைவீதியில் பார்த்தால் மறுபடி கேள்வி கேட்கலாம் என்ற வசதியும் உண்டு.

புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திறந்தவெளியில் மங்கலாகத் தெரியும், கரண்ட் போனால் பேச்சே நின்றுவிடும். சமையலறைச் சாமான் போதும். எங்கள் பேச்சாளர் செய்தது இது: அரை மீட்டர் அகலமுள்ள ஓர் அண்டா சூரியன். அந்த அளவில் பூமி ஒரு மிளகு. "இந்த மிளகை எங்கே வைக்கலாம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். எல்லோரும் அண்டாவுக்கு ஓரடி, இரண்டடி தள்ளிக் காட்டினார்கள். அது 54 மீட்டர் தள்ளி, பள்ளி கேட்டுக்குப் போனது. நிலா ஒரு கசகசா, மிளகிலிருந்து 14 சென்டிமீட்டர். வியாழன் ஓர் எலுமிச்சம்பழம், 280 மீட்டர் தள்ளி, பேருந்து நிறுத்தத்துக்கே ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் திரும்பி வரும்வரை கூட்டம் காத்திருந்தது. மூச்சிரைக்க வந்து நின்ற அவனைத் தொலைநோக்கியில் வியாழனைப் பார்க்கச் சொன்னபோது, அந்தப் பையன் கண்ணை எடுக்கவே இல்லை.

பேச்சு 25 நிமிடம், கேள்வி எவ்வளவு நேரமானாலும். பேச்சாளரிடம் தேதி, மாற்றுத் தேதி, பயணச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். பயணக் காசை அவர் கேட்கும்படி வைக்காதீர்கள். கிளம்பும்போது உறையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய பொறி மேடை. நம் ஊர் வழக்கப்படி தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நான்கு வாழ்த்துரை, பொன்னாடை என்று ஆரம்பித்தால் சனி மேற்கில் இறங்கிவிடும். மூன்றாவது முறை எங்களுக்கு அப்படித்தான் 70 நிமிடம் போனது. அழைக்க வேண்டிய பெரியவர்களை அழையுங்கள், கட்டாயம் அழையுங்கள். அவர்களை 6.15க்கு வரச்சொல்லி, முதல் ஆளாக நிலாவைப் பார்க்க வைத்து, "தொடங்கிவைத்தார்" என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் மரியாதை, வரிசையும் பாழாகாது.

6. ஊருக்குச் சொல்வது

இரண்டு வாரம் முன்பு பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் வீட்டில் சொல்வதற்கு ஈடான விளம்பரம் கிடையாது. பிப்ரவரியில் நிகழ்ச்சி என்றால் ஜனவரி 26 கிராம சபையில் அறிவிக்கச் சொல்லலாம். நோட்டீஸ் ரேஷன் கடை, பால் சொசைட்டி, சலூன், நூறுநாள் வேலை நடக்கும் இடம் ஆகிய இடங்களுக்குப் போக வேண்டும். வாட்ஸ்ஆப் அதற்கு மேல்தான். முந்தின நாள் மாலை ஓர் ஆட்டோ ஊரைச் சுற்றட்டும்.

நோட்டீஸில் "வானியல் கருத்தரங்கு" என்று போடாதீர்கள். "சனிக்கோளின் வளையத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். இலவசம். குடும்பத்தோடு வாருங்கள்." இவ்வளவு போதும். கழிப்பறை வசதி உண்டு, 9.30க்கு முடியும், வானம் மூடினால் மறுநாள் என்ற மூன்று வரியும் இருக்கட்டும். கடைசிப் பேருந்து நேரத்தைப் பார்த்து முடிவு நேரத்தை வையுங்கள்.

7. செலவு

கடைசியாக நடத்தியபோது எங்களுக்கு ஆனது: மைக் செட் 2,500 ரூபாய். 50 நாற்காலி வாடகை 400. ஆயிரம் நோட்டீஸ் அச்சிட 1,200. ஆட்டோ விளம்பரம் 1,000. பேச்சாளர், கருவி இயக்குபவர் பயணமும் சாப்பாடும் 1,800. தன்னார்வலர்களுக்கு டீ, சுண்டல் 800. ஜெராக்ஸ் 150. சிவப்புக் கண்ணாடித்தாள், டோக்கன் அட்டை, கயிறு 150. மொத்தம் 8,000 ரூபாய். நாற்காலி போக மற்றவர்களுக்கு ஜமுக்காளம், அது கோயிலில் இரவல்.

இந்தப் பணத்தை பத்துப் பேர் பிரித்துக்கொண்டோம். கடைக்காரர்களிடம் நன்கொடை வாங்கலாம், ஆனால் ரசீது கொடுங்கள், கணக்கை முடிந்த வாரமே எழுதி ஒட்டுங்கள். கட்சிக்காரரோ நிறுவனமோ மொத்தமாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். மனுவில் நீங்கள் எழுதிய வரிக்கு அது பொருந்தாது.

8. அன்றைய மாலை

மேலே சொன்ன பிப்ரவரி 13ஐயே வைத்து நேரத்தைச் சொல்கிறேன்.

மாலை 4.00: கருவிகள், கழிப்பறைச் சாவி, மைக் சோதனை. கண்ணாடியை நேர்செய்த பிறகு, சூரியன் மறையும்வரை தொலைநோக்கியின் மூடியைத் திறக்கவே கூடாது. ஒருவர் காவலுக்கு நிற்கட்டும்.

6.30: நிலா. பகல் வெளிச்சம் இருக்கும்போதே தெரியும். சின்னப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரர்கள், முதியவர்கள் முதலில்.

7.00: இரண்டு கருவியும் சனிக்கு. தாழ்வதற்குள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும். 2025இல் பக்கவாட்டில் திரும்பி மறைந்தது போலிருந்த வளையம் இப்போதுதான் மெல்ல விரிந்துவருகிறது. ஆகவே புத்தகப் படம் மாதிரி அகலமாக இருக்காது, சின்ன உருண்டையில் ஊசி குத்திய மாதிரி இருக்கும் என்று வரிசையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஏமாற்றம்.

7.50: பேச்சு. வியாழன் கொஞ்சம் மேலே ஏறும்வரை உள்ள இடைவெளி அது. கண்ணால் பார்த்த பிறகு காதால் கேட்பதால் கூட்டம் அசையாது. நாங்கள் பேச்சை முதலில் வைத்த இரண்டு முறையும் "எப்ப காட்டுவீங்க?" என்ற ஒரே கேள்விதான் வந்தது.

8.15: வியாழன். பக்கத்தில் கோடு போட்டாற்போல் நான்கு நிலாக்கள் வரை தெரியும். எத்தனை எண்ணினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தார்களா, பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களா என்பது தெரியும். வெட்கத்தில் "தெரிஞ்சது" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மறுபடி கூப்பிட்டு, ஒரு கண்ணை மூடச் சொல்லி, நிதானமாகக் காட்டுங்கள்.

9.30: வரிசை முடிவு. 9.45: மைக் நிறுத்தம்.

வரிசையில் எல்லோரையும் நிற்க வைக்காதீர்கள். எண் எழுதிய டோக்கன் கொடுத்து, இருபது இருபது பேராகக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் ஜமுக்காளத்தில் உட்காரட்டும். கருவிக்குப் பக்கத்து விளக்கை மட்டும் அணையுங்கள். கேட், பாதை, கழிப்பறை விளக்குகள் எரிய வேண்டும். டார்ச்சுகளுக்குச் சிவப்புத்தாள் சுற்றிவிடுங்கள்.

9. ஜாதகக் கேள்விகள் வரும்

ஒரு முறை ஓர் அம்மா முக்கால் மணி நேரம் காத்திருந்து, தன் முறை வந்ததும் "இது சனியா?" என்று கேட்டுவிட்டு, பார்க்காமலே விலகிப் போனார். அவர் மகனுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்ததாம். எங்களில் ஓர் இளைஞன் சிரித்துவிட்டான். அவர் திரும்பி வரவே இல்லை. அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கருவியின் பக்கத்தில் பொறுமையாகப் பேசும் ஒரு பெண் நிற்பார். எதைக் காட்டுகிறோம் என்பதை மறைக்கமாட்டோம். யார் நம்பிக்கையையும் கேலி செய்யமாட்டோம். "இப்போது உங்கள் கண்ணில் விழும் இந்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பியது, அம்மா. நீங்கள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரம்" என்று சொல்வார். பெரும்பாலும் பார்த்துவிடுவார்கள். ஜாதகம் உண்மையா என்று நேராகக் கேட்டால், கோள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எப்படி நகர்கின்றன என்பதை அளந்து சொல்ல முடியும், அவை ஒருவரின் தலைவிதியை மாற்றுவதாக எந்தச் சோதனையிலும் தெரியவில்லை என்று தெளிவாக, மரியாதையோடு சொல்லுங்கள். மழுப்பவும் வேண்டாம்.

தெரியாத கேள்வி வந்தால் எழுதிக்கொண்டு, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு வாரத்துக்குள் பதில் ஒட்டுங்கள்.

10. கையில் காசே இல்லையா? பகலில் தொடங்குங்கள்

நிழலில்லா நாளுக்கு ஒரு பாட்டில் போதும். சூரியன் நேர் உச்சிக்கு வரும் அந்த நண்பகலில், நட்டு வைத்த எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது. வருடத்துக்கு இரண்டு முறை வரும், ஊரின் அட்சரேகையைப் பொறுத்து. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். திண்டுக்கல்லில் ஏப்ரல் 17, ஆகஸ்ட் 26 வாக்கில். நேரம் 12 மணி அல்ல, இங்கே தவறிவிடாதீர்கள். திண்டுக்கல்லில் ஏப்ரலில் 12.18, ஆகஸ்டில் 12.20 அளவில். ஏப்ரலில் தேர்வும் வெயிலும் இருப்பதால் பள்ளிக்கு ஆகஸ்ட் தேதி வசதி, மேகம் விட வேண்டும். தலைமை ஆசிரியரின் வாய்மொழி அனுமதியே போதுமான ஒரே நிகழ்ச்சி இதுதான். அதை ஒழுங்காகச் செய்து காட்டினால், இரவு நிகழ்ச்சிக்கு அவரே உங்களுக்காக மேலதிகாரியிடம் பேசுவார்.

சூரியனையே காட்டுவதாக இருந்தால் தொலைநோக்கியின் முன்வாயை முழுக்க மூடும் சூரிய வடிகட்டி கட்டாயம். ஐபீஸ் பக்கம் திருகும் சின்ன வடிகட்டிகள் சூட்டில் வெடிக்கும். எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் பாதுகாப்பு இல்லை. தொலைநோக்கி இல்லாமல் கண்ணால் பார்ப்பதற்கு, ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட கிரகணக் கண்ணாடி மட்டும். மடிப்போ ஓட்டையோ இருந்தால் கிழித்து எறியுங்கள்.

11. முடிந்த பிறகு, மூன்று நாளுக்குள்

மைதானத்தை அன்று இரவே கூட்டுங்கள். மறுநாள் காலை தலைமை ஆசிரியர் வரும்போது ஒரு டீ கப் கிடந்தாலும் அடுத்த முறை அனுமதி கிடைக்காது. கருவிகளைத் துடைத்து, ஐபீஸ் எண்ணிக்கையைச் சரிபார்த்து, கொடுத்தவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து ஒப்படையுங்கள். முத்திரை வாங்கிய எல்லா அலுவலகத்துக்கும் இரண்டு வரி நன்றிக் கடிதம், ஒரு புகைப்படத்தோடு. குழந்தைகள் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அனுமதிக் கடிதங்களை ஒரு கோப்பில் வையுங்கள்; அடுத்த மனுவோடு பழைய அனுமதியின் நகலை இணைத்தால் 18 நாள் ஒரு வாரமாகக் குறைகிறது.

அடுத்து எதைக் காட்டலாம் என்று கேட்பார்கள். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், பத்தரை மணி சுமாருக்கு உச்சத்தில். அதற்குக் கருவியே வேண்டாம், மைக்கும் வேண்டாம். 2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டின் வழியாக மறுபடி ஒரு வளையச் சூரிய கிரகணம் போகிறது. அந்த முறை எங்கள் தெருவில் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்று இப்போதே வேலையைத் தொடங்கிவிட்டோம். நீங்களும் தொடங்குவதாக இருந்தால் ஒன்று: அது மே மாதம், பள்ளிகள் விடுமுறையில் இருக்கும். மைதானத்தின் சாவி அப்போது யாரிடம் இருக்கும் என்று முதலில் கேட்டு வையுங்கள்.